பூசத்துக்குள் புளிக்க வேண்டும்

சிதம்பரத்தில் பயிற்சிக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து எழிலரசியின் வாயில் வினிகரைத் தவிர வேறு பேச்சு இல்லை. கொட்டை பொறுக்கப் போனால் வினிகர், குழாயடியில் நின்றால் வினிகர், புருஷன் அன்பரசு ஷேர் ஆட்டோவை நிறுத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் சோற்றுக்கு முன்னால் வினிகர். ஊர்ப் பெண்களுக்கு முதலில் அந்தப் பேரே நாக்கில் நிற்கவில்லை. கொஞ்ச நாளில் அவர்களும் அதையே பேச ஆரம்பித்தார்கள்.

குறிஞ்சிப்பாடிக்கும் வடலூருக்கும் நடுவே செம்மண் மேட்டில் இருக்கிறது மேட்டுக்கொல்லை. சுற்றிலும் முந்திரி. பங்குனி சித்திரையில் கொல்லைக்குள் நுழைந்தால் கால் வைக்க இடமில்லாமல் மஞ்சளும் சிவப்புமாகப் பழம் உதிர்ந்து கிடக்கும். கொல்லைக்காரருக்கு வேண்டியது கொட்டை மட்டும். பெண்கள் குனிந்தபடியே பழத்தை எடுத்து, கட்டை விரலால் ஒரு திருகு திருகிக் கொட்டையை மடியில் போட்டுக்கொண்டு பழத்தை வீசிவிட்டுப் போவார்கள். வீசிய பழம் வெயிலில் வெந்து, நொதித்து, ஈ மொய்த்து, மழை வந்தால் சேறாகிப் போகும். எழிலரசி வாழ்க்கைப்பட்டு வந்த காலத்திலிருந்து பார்க்கிற காட்சி இது. சிதம்பரத்தில் பயிற்சி கொடுத்த ஸ்ரீமதி மேடம் அந்தப் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இதைப் பிழிந்தால் வினிகர் வரும் என்று சொன்னபோது, இத்தனை வருஷமாக எத்தனை வண்டிப் பழத்தை மிதித்து நடந்திருக்கிறோம் என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

மேடம் கொடுத்த ஒரு சின்ன பாட்டிலோடு அவள் வீட்டுக்கு வந்தாள். வந்ததும் வராததுமாக மாமியார் ராசம்மாளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குளியலறைக் குழாயைக் காட்டினாள். அந்த ஊர் போர் தண்ணீரில் உப்பு ஜாஸ்தி. குழாய் முழுக்க வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருக்கும். துணியை வினிகரில் நனைத்துக் குழாயில் சுற்றிவிட்டு, சாப்பிட்டு வந்து அவிழ்த்துத் தேய்த்தாள். பொருக்கு கையோடு வந்தது. உள்ளே இருந்த குழாய் பளபளவென்று முகம் பார்க்கிற மாதிரி ஆயிற்று. ராசம்மாள் அந்தக் குழாயைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த மருமகளின் நகையைக்கூட அவள் அப்படிப் பார்த்ததில்லை.

அடுத்தது மீன் சட்டி. மாமனார் சுப்பிரமணியன் வடலூர் சபையைச் சேர்ந்தவர். மீன், கறி தொடமாட்டார். மற்றவர்கள் சாப்பிடுவதைத் தடுக்கவும் மாட்டார். அதனால் கொல்லைப்புறத்தில் தனி அடுப்பு, தனிச் சட்டி. இருந்தாலும் கழுவிய பிறகும் கவிச்சி கையை விட்டுப் போகாது. ஒரு கரண்டி வினிகர் விட்டுக் கழுவினால் சட்டியிலும் வாடை இல்லை, கையிலும் இல்லை. அன்றைக்கு மத்தி மீன் குழம்பு வைத்த கையாலேயே ராசம்மாள் அவருக்குத் தயிர்ச்சோறு பிசைந்து கொடுத்தாள். அவர் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. வினிகர் நல்ல பொருள்தான் போல என்று மட்டும் சொன்னார்.

இதெல்லாம் தெருவுக்குப் பரவ எவ்வளவு நேரம் ஆகும். மாரியம்மாள் வந்து தொப்பை குறையுமா என்றாள். இன்னொருத்தி முடி கொட்டுவதற்குக் கேட்டாள். ஒருத்தி, மூட்டு வலிக்கு இதைக் குடித்தால் மாடிப்படி ஏறலாமாமே என்றாள், அவள் வீட்டில் மாடியே இல்லை. ராசம்மாளுக்குச் சர்க்கரை உண்டு. சாப்பாட்டோடு ஒரு கரண்டி வினிகரை ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து குடித்தால், சாப்பிட்டதும் ஏறுகிற சர்க்கரை கொஞ்சம் மட்டுப்படும் என்று மேடம் சொல்லியிருந்தார். அதைக் கேட்ட ராசம்மாள் மாத்திரை டப்பாவை எடுத்துப் பரணில் போட்டுவிட்டாள். எழிலரசி நாற்காலி போட்டு ஏறி அதை எடுத்துக் கீழே வைத்தாள். இது மாத்திரைக்குப் பதில் இல்லை, மாத்திரையோடு கூட, அதுவும் தண்ணீர் கலக்காமல் குடித்தால் பல்லும் தொண்டையும் போய்விடும் என்று மேடம் சொன்னதை அப்படியே சொன்னாள். ராசம்மாளுக்கு முகம் தொங்கிப்போயிற்று.

கொல்லைக்குப் போகிற பெண்கள் எல்லாரும் சேர்ந்தார்கள். பழத்தைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து, அழுகலைப் பொறுக்கி எறிந்து, கழுவி, பிழிந்து, துணியில் வடிகட்டினார்கள். முந்திரிச் சாறு தொண்டையைக் கரகரவென்று பிடிக்கும். அரிசிக் கஞ்சியை ஊற்றிக் கலக்கி வைத்தால் காறல் எல்லாம் அடியில் போய்த் தங்கித் தெளிந்த சாறு மேலே நிற்கும். அந்த வேலை ராசம்மாளுடையது. ஒரு பெரிய நீல டிரம் நிறைந்தது. கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் மகளிர் குழுக் கண்காட்சி வரப்போகிறது, அதில் மேட்டுக்கொல்லை வினிகர் என்று ஒரு மேசை போடுவது என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள். எந்தப் புடவை கட்டிக்கொண்டு போவது என்பது வரைக்கும் பேசியாயிற்று.

எழிலரசி ஒன்றை மட்டும் வீட்டில் சொல்லவில்லை. சாறு நேராக வினிகர் ஆகாது. முதலில் அது சாராயமாகும். சாராயம் புளித்துத்தான் வினிகராகும். எதிர் வீட்டில் சொல்லலாம், மாரியம்மாளிடம் சொல்லலாம், இந்த வீட்டில் எப்படிச் சொல்வது?

ஏனென்றால் சுப்பிரமணியன் ஒரு காலத்தில் குடித்தார். கொஞ்சநஞ்சமாக இல்லை. லாரி ஓட்டிய காலம் பூராவும் குடித்தார். பாட்டிலை இடுப்பில் செருகி மறைத்துக்கொண்டு வருவார். ராசம்மாள் முதலில் ஜன்னலைச் சாத்துவாள், பிறகு கதவைச் சாத்துவாள், சாம்பிராணி போடுவாள். யாராவது கேட்டால் அவருக்குக் காய்ச்சல் என்பாள். வருஷத்துக்கு எத்தனை காய்ச்சல் என்று ஊரே சிரித்தது. கடைசியில் ஒருநாள் பட்டப்பகலில் வாசலிலேயே விழுந்து கிடந்தார். ராசம்மாள் அன்றைக்கு அவரைத் தூக்கவில்லை. கதவை அகலத் திறந்துவிட்டுத் தெருவில் வந்து நின்று, என் வீட்டுக்காரர் குடித்துவிட்டு விழுந்து கிடக்கிறார், வந்து பாருங்கள் என்று சத்தமாகச் சொன்னாள். தெரு வந்து பார்த்தது. விழித்தவர் மறுநாள் காலையில் யாரோடும் பேசாமல் வடலூருக்கு நடந்துபோனார். அதோடு விட்டதுதான். இப்போது வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு, பகலெல்லாம் தருமசாலையில் இலை போட்டுப் பரிமாறுகிற வேலை, மாதா மாதம் பூசத்துக்கு ஜோதி தரிசனம்.

டிரம்மில் சாறு நுரைத்து அடங்கி, எழிலரசி அதில் மேடம் கொடுத்த தாய் வினிகரை, பாலுக்கு உறைமோர் விடுவதுபோல ஊற்றி, வாயில் மெல்லிய துணியைக் கட்டிவைத்தாள். அந்த நேரம் பார்த்துக் கிள்ளையிலிருந்து அண்ணிக்கு வளைகாப்பு என்று போன் வந்தது. போய் ஒரு வாரம் தங்கிவிட்டு, பூசம் கழிந்த மறுநாள் மத்தியானம் அன்பரசுவின் ஆட்டோவிலேயே திரும்பினாள். வழியெல்லாம் டிரம் எப்படி இருக்கிறது, மேலே வினிகர் ஆடை கட்டியிருக்கிறதா என்று கேட்டுக் கேட்டு அவன் காதைத் தின்றாள்.

ஆட்டோ வாசலில் நிற்கவும் கொல்லைப்புறத்தில் டொப்பென்று ஒரு சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தாள். டிரம்மின் வாயில் அவள் கட்டிய துணியைக் காணோம். பாலிதீன் தாளை இரண்டு மூன்று மடிப்பாகப் போட்டு, சைக்கிள் டியூபை அறுத்து யாரோ இறுக்கிக் கட்டியிருந்தார்கள். வெயிலில் ஊதி ஊதி அது வெடித்திருந்தது. வாடை குபீரென்று கிளம்பித் தெருவுக்கே போய்விட்டது. அது வினிகர் வாடை இல்லை.

முதலில் வந்தது வேலிக்கு அந்தப்பக்கம் இருந்த சின்னையன். சுப்பிரமணியனோடு ஒரு காலத்தில் ஒன்றாக உட்கார்ந்து குடித்தவர், இன்னும் விடாதவர். கையில் ஒரு எவர்சில்வர் டம்ளரோடு வேலிப் படலை விலக்கிக்கொண்டு வந்தார்.

“மச்சான் வூட்லருந்தா வருது இந்த வாசன?” என்றார் நம்பமுடியாமல். “சொல்லியிருந்தா ஊறுகா எடுத்தாந்திருப்பனே.”

சுப்பிரமணியன் அன்றைக்குச் சளி என்று வடலூர் போகாமல் வீட்டில் இருந்தார். எழுந்து வந்தவர் டிரம்முக்குப் பத்தடி தள்ளியே நின்றுவிட்டார். சின்னையனை ஒரு பார்வை பார்த்தார், அவர் டம்ளரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு போய்விட்டார். மாமனார் கத்துவார் என்று எழிலரசி எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை. துண்டின் நுனியை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தார். கோபம் இல்லை, பயம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவருக்கு அவர்மேலேயே பயம்.

“இதுவும் நானும் ஒரு வூட்ல இருக்க முடியாதும்மா,” என்றார். “தப்பா நெனைக்காத. நான் வடலூர்லயே தங்கிக்கறன்.”

எழிலரசிக்கு அழுகை வந்துவிட்டது. இப்போதே கொட்டிவிடுகிறேன் மாமா என்று டிரம்மைச் சாய்க்கப் போனாள். அன்பரசுவும் கை கொடுக்க வந்தான். அதுவரை சுவரோரம் ஒட்டிக்கொண்டு நின்ற ராசம்மாள் வந்து டிரம்மை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

“ஊத்தாத,” என்றாள். “நான்தான் கட்டுனேன். துணியில வாடை வந்துது. தெருவுக்குத் தெரிஞ்சா மானம் போயிரும்னு மூடுனேன். அந்த வாடை வந்தா எனக்கு மூடத்தான தெரியும்.”

எழிலரசி போனை எடுத்து ஸ்ரீமதி மேடத்தைக் கூப்பிட்டாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டாள். நடந்ததைக் கேட்ட மேடம் சிரிக்கத்தான் செய்தார். “ஒண்ணும் கெட்டுப் போவலம்மா. மூடி வெச்சா அது சாராயமாவே நின்னுடும். காத்து படணும், காத்து பட்டாத்தான் புளிக்கும். இனிமே தெறந்து வைங்க. அகலமான பாத்திரமா இருந்தா சீக்கிரம் ஆவும்.”

எத்தனை நாளில் என்று எழிலரசி கேட்டாள். வெயில் நன்றாக இருந்தால் ஒரு மாதத்துக்குள் ஆகலாம், உறுதியாகச் சொல்லமுடியாது என்றார்.

போன் வைத்த பிறகு ராசம்மாள் டிரம்மை விடாமல் புருஷனைப் பார்த்தாள். “மூடி வச்சா அப்பிடியே நிக்குமாம். கேட்டியா?” என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். “ஒனக்கு நான் எத்தினி பூசம் குடுத்தேன். இன்னிக்குத் திருந்துவாரு நாளைக்குத் திருந்துவாருன்னு எத்தினி பூசம். இதுக்கு ஒரு பூசம் குடு.”

சுப்பிரமணியன் அடுத்த பூசம் வரைக்கும் இருக்கிறேன் என்றார். அன்றைக்குக் காலையில் நான் வடலூர் கிளம்புவேன், அதற்குள் இதில் சாராயம் ஒரு துளி இருக்கக்கூடாது, இருந்தால் நான் திரும்பி வரமாட்டேன். சொல்லிவிட்டு வாசல் பக்கம் போய்க் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டார்.

அதன்பிறகு அந்த வீடு பட்ட பாடு சொல்லி முடியாது. உலோகத்தில் வைத்தால் அரித்துவிடும் என்பதால் மண்பானை தேடினார்கள். பொங்கலுக்குப் பிறகு பரணில் ஏற்றிய பானை, தண்ணீர்ப் பானை, வாய் அகன்ற கூழ்ப்பானை என்று தெருவே கொடுத்தது. தொப்பைக்குக் கேட்ட மாரியம்மாள் இரண்டு பானையைத் தானே தலையில் வைத்துக் கொண்டுவந்தாள். கொல்லைப்புறக் கீற்றுக் கொட்டகையில் வரிசையாகப் பானை, ஒவ்வொன்றின் வாயிலும் மெல்லிய துணி. காலையில் எழுந்ததும் எழிலரசி முகம் கழுவமாட்டாள், பானையைத்தான் மோந்து பார்ப்பாள். கொல்லையில் கொட்டை பொறுக்கும்போது நடுவில் யாராவது இன்றைக்கு எப்படி என்று கேட்பார்கள். நேற்றைவிட இன்றைக்கு மூக்கில் குத்துகிறது என்பாள். குத்துகிறதாம் குத்துகிறதாம் என்று கொல்லைக்கோடிவரை செய்தி போகும். ஒருநாள் மேலே பாலாடை மாதிரி மெல்லிசாக ஓர் ஆடை கட்டியிருந்தது. அன்றைக்கு அவள் சத்தம் போட்ட சத்தத்தில் ராசம்மாள் பாம்பு என்று நினைத்துக் கம்போடு ஓடிவந்தாள்.

சுப்பிரமணியன் கொல்லைப்புறம் பக்கமே வருவதில்லை. குளிக்கக்கூடச் சபைக் குளத்துக்குப் போனார். ராத்திரிச் சாப்பாட்டை வாசலிலேயே வாங்கிக்கொண்டார். ஆனால் தினமும் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்பார். புளிக்கிறது மாமா என்பாள் எழிலரசி. ம் என்பார்.

பூசத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கையில் கோடை மழை பிடித்துக்கொண்டது. மத்தியானம் வரை வெயில் மண்டையைப் பிளந்தது. எழிலரசியும் ராசம்மாளும் கொல்லையில் இருந்தார்கள். திடீரென்று நெய்வேலிப் பக்கம் வானம் கறுத்தது. காற்று செம்மண்ணை அள்ளி வீசியது. முந்திரிக் கிளைகள் தரையைத் தொட்டு எழுந்தன. எழிலரசி மடிக் கொட்டையைக் கொட்டிவிட்டு ஓடினாள். கீற்றுக் கொட்டகை இந்தக் காற்றுக்குத் தாங்காது, துணி பறந்தால் மண்ணும் மழையும் பானைக்குள் விழும், எல்லாம் போயிற்று. பாதி வழியில்தான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. மாமா இன்று வடலூர் போகவில்லை, வீட்டில் தனியாக இருக்கிறார். புளிக்கிறது என்று அவள் சொன்னாளே தவிர, சாராயம் முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல அவளுக்கே தைரியம் இல்லை. கால் இன்னும் வேகமாக ஓடியது. மழை சடசடவென்று அடித்தது. பின்னால் ராசம்மாள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தாள்.

கொட்டகையின் கீற்று பாதி பறந்திருந்தது. கீழே ஒரு பானையும் இல்லை.

எழிலரசி பின்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கூடம் முழுக்கப் பானை. சுவரோரமாக, கட்டிலுக்கடியில், டிவிக்கு முன்னால், சாமி படத்துக்குக் கீழே எல்லா இடத்திலும் பானை. ஒன்றுகூட உடையவில்லை. சுப்பிரமணியன் ஈரத் துண்டால் மூக்கையும் வாயையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, திருடனைப் போலக் கண் மட்டும் தெரிய, கடைசிப் பானையின் முன்னால் குந்தியிருந்தார். பறந்துபோன துணிகளுக்குப் பதிலாகத் தன்னுடைய பூசத்து வேட்டியைத் துண்டு துண்டாகக் கிழித்துப் பானை வாயில் கட்டிக்கொண்டிருந்தார்.

அவளைப் பார்த்ததும் துண்டை விலக்காமலே பேசினார். “துணி மெல்லிசா இருக்கணும்னு சொன்ன இல்ல? காத்து போவணும்ல?”

“போவணும் மாமா,” என்றாள் எழிலரசி. அங்கேயே நனைந்தபடி உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள். பின்னால் வந்த ராசம்மாள் பானைகளைப் பார்த்தாள், கிழிந்த வேட்டியைப் பார்த்தாள், புருஷனின் கண்ணைப் பார்த்தாள். பிறகு போய் வாசல் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் மழைச்சாரலையும் பாராமல் திறந்துவிட்டாள். காற்று வீட்டுக்குள் புகுந்து பானைகளின்மேல் போயிற்று. அன்றையிலிருந்து பானைகள் கூடத்திலேயே இருந்தன. அவரும் கட்டிலை உள்ளே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

பூசத்தன்று காலை. கொல்லைப் பெண்கள் எல்லாரும் விடியும்போதே வாசலில் கூடிவிட்டார்கள். சுப்பிரமணியன் குளித்துத் திருநீறு பூசி, புது வேட்டி கட்டி, துணிப்பையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். பைக்குள் மாற்று வேட்டியும் இருந்ததை எழிலரசி பார்த்தாள். பெரிய பானையின் துணியை அவிழ்த்து, ஆடையை ஒதுக்கி, ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டாள். தேன் நிறத்தில் தெளிவாக இருந்தது.

அன்பரசு ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தான். புளிக்கிறது என்றான். சாராயம் இருக்கிறதா என்றார்கள். அவன் அப்பாவைப் பார்த்துப் பார்த்தே அந்தப் பக்கம் போகாதவன், எனக்கு என்ன தெரியும் என்று திருதிருவென்று விழித்தான். டம்ளர் ராசம்மாளிடம் போயிற்று. அந்த வாடையோடு பாதி ஆயுசு குடும்பம் நடத்தியவள் அவள். மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினாள். திறந்து, இல்லை என்று தலையாட்டினாள்.

“இப்பிடிக் குடு,” என்று சுப்பிரமணியன் கையை நீட்டினார்.

ராசம்மாள் கொடுக்கத் தயங்கினாள். தெருவே எட்டிப் பார்த்தது. வேலிப்பக்கம் சின்னையனின் தலைகூடத் தெரிந்தது. ராசம்மாள் கொடுத்தாள். அவர் டம்ளரை மூக்குக்கு நேராகப் பிடித்தார். ஒருதரம் மோந்தார், நிறுத்தி, இன்னொருதரம் ஆழமாக இழுத்தார். இரும ஆரம்பித்துவிட்டார்.

“இல்ல,” என்றார் இருமலோடு. “செத்துப் போச்சு.” பிறகு மருமகளைப் பார்த்தார். “இது மறுபடி பழையபடி ஆவுமா?”

“ஆவாது மாமா. நாம என்னா செஞ்சாலும் இனிமே அது திரும்பிப் போவாது.”

அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றார். ராசம்மாள் தண்ணீர்ச் செம்பை எடுத்துவந்து நீட்டினாள். ஒரு கரண்டி அதில் கலந்து மடமடவென்று குடித்தார். முகம் எட்டுக் கோணலாகப் போயிற்று, ஒரு கண் மூடிக்கொண்டது. அதைப் பார்த்து ராசம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். அதற்காகவே காத்திருந்த மாதிரி வாசலில் இருந்த பெண்கள் குலவை போட்டார்கள். மாரியம்மாள் எழிலரசியைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டாள். மஞ்சக்குப்பத்துக்கு எல்லாரும் நீலப் புடவை என்று ஒருத்தி கத்தினாள், இல்லை மஞ்சள் என்று இன்னொருத்தி கத்தினாள்.

சுப்பிரமணியன் பையைத் திறந்து மாற்று வேட்டியை எடுத்து ராசம்மாளிடம் கொடுத்துவிட்டார். ஒரு பாட்டிலில் ஊற்றிக் கொடு, தருமசாலையில் கஞ்சி அண்டா கழுவுகிற இடத்தில் குழாயெல்லாம் உப்புப் பிடித்துக் கிடக்கிறது என்றார். எழிலரசி கழுவி வைத்திருந்த தேன் பாட்டிலில் நிறைய ஊற்றி, மூடி, துடைத்து, ஒரு மஞ்சள் பைக்குள் வைத்து நீட்டினாள்.

அவர் பாட்டிலை மட்டும் வெளியில் எடுத்தார்.

“பை எதுக்கும்மா,” என்றார். “கையிலயே புடிச்சிட்டுப் போறன். ஊரு பாக்கட்டும்.”

வேட்டி நுனியை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, மறு கையில் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் இறங்கி நடந்தார். பாட்டிலில் வெயில் பட்டு மின்னியது. சின்னையன் வேலியோரமாகக் கூடவே வந்து என்னமோ கேட்டார். இவர் நின்று, மூடியைத் திருகி, அவர் மூக்குக்குக் கீழே பிடித்துக் காட்டிவிட்டு நடந்தார். புருஷன் தெருமுனை திரும்புகிறவரை ராசம்மாள் திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள்.